ஆம் பக்கம் கை தூக்கியவன்

1

உங்களுக்கு மார்ச் மாதம் என்றால் புளி உலுக்குகிற காலம். எனக்கு இங்கே முழங்கால் வரை பனி. விடிவதற்கு முன் எழுந்து, பள்ளிப் பேருந்தின் கண்ணாடியில் படிந்த பனிக்கட்டியைச் சுரண்டி, இன்ஜினைச் சூடேற்றிவிட்டுத்தான் முதல் பிள்ளையை ஏற்றக் கிளம்ப முடியும். ஜவ்வாது மலையில், ஒடுகத்தூர் பக்கம் இறங்கும் சரிவில், ஜீப்பே பாதியில் மூச்சு வாங்கி நிற்கிற ஊரில் பிறந்த கோவிந்தன் அமெரிக்காவில் மஞ்சள் பேருந்து ஓட்டுகிறான் என்றால் ஊரில் சிலர் இன்னும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். வெர்மாண்ட் என்னும் இந்த மாநிலமும் மலைதான். மலைச்சாலையில் வண்டி எங்கே சறுக்கும் என்று என் உடம்புக்குத் தெரியும், அதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள்.

இங்கே வந்தது என் சாமர்த்தியம் இல்லை. என் மனைவி மல்லிகா செங்கத்துக்காரி, நர்ஸ் படித்தவள். இங்குள்ள ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் கொண்டுவந்த பெட்டிகளில் நானும் ஒன்று. வந்து பதினோரு வருடம் ஆகிறது. வரும்போது நான்கு வயதாக இருந்த மகள் யாழினிக்கு இப்போது பதினைந்து.

போன வருடம் எங்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அது கிடைத்து ஒரு வருடம் நிறைகிற சமயத்தில், இந்த மார்ச்சில், எங்கள் சிற்றூரின் வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில் முதல் முறையாக வாக்காளனாக உட்கார்ந்தேன். அங்கே ஒரு மடத்தனம் செய்தேன். நம் மலைக்காரனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத மடத்தனம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

2

அதற்கு முன் என் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயர் காளி என்று எழுதினேன். அன்றிலிருந்து ஊர் முழுக்க நான் மிஸ்டர் காளி. வாக்காளர் பட்டியலிலும் காளிதான். ஒடுகத்தூர் சந்தையைத் தாண்டிப் போகாத மனிதர், செத்து இத்தனை வருடம் கழித்து அமெரிக்காவில் ஓட்டுரிமை வாங்கிவிட்டார்.

அதை மாற்றச் சொல்லி ஊர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஊரில் நான் ஊராட்சி அலுவலகத்தில் உதவியாளாக இருந்தவன், மனு எழுதியே தேய்ந்த கை. "தங்கள் சமூகம் கருணை கூர்ந்து பரிசீலித்து ஆவன செய்யுமாறு" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருக்கும் ஹெலன் அம்மாள் அதை முழுதாகப் படித்தார். "என் வாழ்நாளில் யாரும் எனக்கு இவ்வளவு மரியாதையாக எழுதியதில்லை. இதை நான் வைத்துக்கொள்ளலாமா? இந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டாலே போதும்" என்றார். எனக்குக் காது வரை சூடேறியது. டிக் போடாமலே வந்துவிட்டேன். காளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

வீட்டில் வேறு கதை. நான் தமிழில் கேட்பேன், யாழினி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். "உங்க மலை" என்பாள், அதையும் ஆங்கிலத்திலேயே. "நம்ம மலை" என்று திருத்துவேன். தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். இது என் மனதைக் குடைகிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

3

கூட்டம் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில். காலையில் தொடங்கிச் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். வாசலில் வாக்காளருக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு நிற அட்டை கொடுத்தார்கள். பின்சுவர் ஓரம் பள்ளிப் பிள்ளைகள் சூப்பும் ரொட்டியும் விற்றார்கள். யாழினியும் ஏப்ரன் கட்டிக்கொண்டு அங்கே நின்றாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். கூட்டத்தை நடத்துகிறவர் கரோல், மாடு வைத்துப் பால் கறந்து பிழைக்கும் பெண்மணி. காலையில் பால் கறந்துவிட்டு ரப்பர் பூட்ஸோடு வந்து மேசைக்குப் பின்னால் நின்றார்.

பத்திரிகை படிக்கிற உங்களுக்குத் தீர்மானங்களின் பெயரெல்லாம் அத்துப்படி. நம்பிக்கையில்லாத் தீர்மானம், ஒத்திவைப்புத் தீர்மானம், கவன ஈர்ப்புத் தீர்மானம், வெட்டுத் தீர்மானம். அதெல்லாம் கோட்டையிலும் டெல்லியிலும் நடக்கிற சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இங்கே அதை வைக்கோல் விற்கிறவரும் முடி வெட்டுகிறவரும் கையில் எடுத்து ஆளுகிறார்கள். அதைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன்.

ஒருவர் முன்மொழிய வேண்டும். இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லையென்றால் அவ்வளவுதான், அந்தப் பேச்சுக்கு அதற்கு மேல் நேரம் கிடையாது. பிறகு திருத்தத் தீர்மானம் வரலாம். திருத்தத்துக்கு ஒரு திருத்தமும் வரலாம். அதற்குமேல் மூன்றாவது திருத்தம் கூடாது, கூட்டத்துக்குத் தலை சுற்றும் என்று எப்போதோ யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், தாண்டிப் போவோம் என்று சொல்ல ஒரு தீர்மானம். பேசியது போதும், வாக்கெடுங்கள் என்று சொல்ல ஒரு தீர்மானம். மற்றதற்கெல்லாம் பாதிக்கு மேல் இருந்தால் போதும், இந்தப் பேச்சை நிறுத்தும் தீர்மானத்துக்கு மட்டும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அடுத்தவன் வாயை மூடுவதென்றால் அவ்வளவு பேர் கேட்க வேண்டும் என்பது கணக்கு. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

நடுவில் ஒரு கிழவர் எழுந்து, "உரிமைப் பிரச்சினை" என்றார். சாலை இயந்திரம் வாங்குவது பற்றி அனல் பறந்துகொண்டிருந்த விவாதம் டக்கென்று நின்றது. "பின்கதவு திறந்திருக்கிறது, குளிருகிறது" என்றார். கரோல் கதவைச் சாத்தச் சொன்னார். விவாதம் விட்ட இடத்தில் தொடர்ந்தது. குளிருகிற கிழவருக்காக ஒரு ஊரே வாய் மூடி நிற்கலாம் என்று விதி எழுதி வைத்திருக்கிறார்களே, இவர்களை என்ன சொல்வது!

இன்னொன்று. யாரும் யாரையும் பார்த்துப் பேசக் கூடாது. எதுவானாலும் கரோலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சிக்காரன் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் "தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசியவர் சொன்னது தவறு" என்றுதான் சொல்ல வேண்டும். பாதிக் கோபம் அந்தச் சுற்றுவழியிலேயே ஆறிவிடுகிறது. எங்கள் ஊராட்சியில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் எத்தனை சட்டை கிழியாமல் தப்பித்திருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

4

நம் பக்கத்து முறையையும் சொல்லியாக வேண்டும். அதுவும் குறைந்ததில்லை.

எங்கள் ஊரில் கூட்டம் என்றால் தலையை எண்ணுகிற பழக்கம் கிடையாது. பேசுவோம், கத்துவோம், சிலர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்கள், போனவரை இன்னொருவர் கூட்டி வருவார். கடைசியில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்போது நாட்டாமை, "இன்னா, எல்லாருக்கும் சம்மதமா?" என்பார். எல்லாரும் கை தூக்கிச் "சம்மதம்" என்பார்கள். கடைசி வரை எதிர்த்தவன்தான் முதலில் கை தூக்க வேண்டும், அதுதான் பெருந்தன்மை. நாளைக்கு அவன் வீட்டில் சாவு விழுந்தால் தூக்க நாலு பேர் வேண்டும், கேழ்வரகு அறுக்க ஆள் வேண்டும். தோற்றவன் என்று ஒருவனைத் தனியாக நிறுத்தி வைத்துவிட்டு சின்ன ஊரில் எப்படி வாழ்வது? கிராம சபை வந்த பிறகும் அதே பழக்கம்தான். தீர்மானப் புத்தகத்தில் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று நான்தான் எழுதுவேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று செயலர் என்னிடம் கொடுத்துவிடுவார்.

அப்படி எழுதிய ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. என் அக்கா மாதம்மாவைக் கொல்லைமேட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். அங்கே ஒன்பது வீடு. அந்தப் பக்கம் கீழூரில் அறுபது வீடு. மலையில் ஒரு மண்சாலை போடலாம், எந்தப் பக்கம் என்று ஊராட்சி தீர்மானம் போட்டு அனுப்புங்கள் என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் வெள்ளையன் மாமா அன்று நெடுநேரம் மன்றாடினார். "எங்க பொம்பளைங்க வவுத்துல புள்ளையோட கீறாங்க, ஒரு வண்டி வர வழி வுடுங்க" என்றார். அறுபதுக்கும் ஒன்பதுக்கும் நடந்த பேச்சு எப்படி முடியும்? கடைசியில் நாட்டாமை சம்மதமா என்று கேட்டபோது முதல் கை மாமாவுடையது. அடுத்த கை என்னுடையது. கீழூர்ப் பக்கம் சாலை, ஏகமனதாக என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

அந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு நாளுக்கு முன்னமே வலி கண்டது. போர்வையை மூங்கிலில் கட்டி டோலியாக்கி ஆறு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பின்பக்க மூங்கில் என் தோளில் இருந்தது. பாறை வழுக்கியது, ஓடையில் தண்ணீர் இடுப்பளவு. ஒடுகத்தூர் போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. அக்கா பிழைத்தாள். அதற்கப்புறம் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் அந்தத் தீர்மானத்தைப் பற்றி அவளிடம் வாய் திறந்ததில்லை. அது எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

5

இனி இங்கே வருகிறேன். எங்கள் சிற்றூரிலும் ஒரு மேட்டுச்சாலை உண்டு. அதன் உச்சியில் ஐந்து வீடு. கடைசி வீடு டேல், ரூத் தம்பதியுடையது. என் பேருந்து அந்தச் சாலையின் உச்சி வரை போய் டேல் வீட்டு முற்றத்தில்தான் திரும்பும். பனி கொட்டிய நாளில் எனக்காக டேல் விடியற்காலையிலேயே முற்றத்தைச் சுத்தம் செய்து வைப்பார். ரூத் ஜன்னலில் நின்று கையசைப்பார். ரூத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். மல்லிகாதான் அவருக்கு ஊசி குத்துகிற நர்ஸ்.

அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது விஷயம் அந்தச் சாலை. குளிர்காலத்தில் மேட்டுச்சாலையின் மேல்பாதியில் பனி தள்ளுவதை நிறுத்த வேண்டும் என்று சாலைக் குழுவின் ஸ்டீவ் முன்மொழிந்தார். அவர் கெட்டவர் இல்லை. "இருப்பது ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர். மேலே ஐந்து வீட்டுக்காக ஏறி இறங்குவதற்குள் கீழே நூறு வீடு காத்திருக்கிறது" என்றார். நியாயம்தான். டேல் எழுந்து, "அப்படியானால் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரூத் முப்பது வருடம் வாழ்ந்த வீடு அது" என்றார். ரூத் வரவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை, அவர் டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தார்.

நானும் பேச வேண்டும் என்று துண்டுத்தாளில் நான்கு வரி எழுதி வைத்திருந்தேன். இலக்கணம் சரியா என்று ஐந்தாவது முறை பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ பேச்சை நிறுத்தும் தீர்மானம் கொண்டுவந்தார், மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது. என் தாள் மடியிலேயே தங்கிவிட்டது.

முதலில் குரல் வாக்கு. இரண்டு பக்கமும் சத்தம் ஒன்றுபோலக் கேட்டது. அட்டையைத் தூக்கச் சொன்னார் கரோல். "ஆம் என்பவர்கள்." நான் முன்வரிசையில் இருந்தேன். திரும்பிப் பார்த்தேன். ஆரஞ்சு அட்டைகள் திமுதிமுவென்று எழுந்தன. ஊரே தூக்கிவிட்டது என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது. சரி, முடிந்தது, காற்று அந்தப் பக்கம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று கூடச் சொல்ல முடியாது. என் கை எழுந்துவிட்டது. எதிர்த்தவன் முதலில் தூக்க வேண்டும் என்று வளர்ந்த கை. ஹெலன் அம்மாள் எண்ணிக்கொண்டே வந்து என் அட்டையையும் எண்ணிவிட்டுப் போனார். அடுத்து "இல்லை என்பவர்கள்" என்றபோது பின்னால் அதே அளவு அட்டைகள் எழுந்ததைப் பார்த்தேன்.

ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

டேல் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "மறுபரிசீலனைத் தீர்மானம் கொண்டுவருகிறேன்" என்றார். "நீங்கள் எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள், டேல்?" என்று கேட்டார் கரோல். "இல்லை என்ற பக்கம்." கரோல் தணிந்த குரலில் விதியைப் படித்தார். மறுபரிசீலனை கேட்கும் உரிமை ஜெயித்த பக்கம் வாக்களித்தவருக்கு மட்டுமே. தோற்றவர்களெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டால் கூட்டம் முடியவே முடியாது. ஜெயித்தவர் ஒருவருக்கே மனம் மாறினால் அது வேறு விஷயம். கேட்பதானால் இன்றைய கூட்டம் முடிவதற்குள் கேட்க வேண்டும். "அப்படி யாராவது இருக்கிறீர்களா?" என்று சபையைப் பார்த்தார். யாரும் எழவில்லை. நானும்தான். உடனே ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு இடைவேளைத் தீர்மானம் கொண்டுவந்தார். அது மட்டும் நிஜமாகவே ஏகமனதாக நிறைவேறியது.

6

சூப்புக் கிண்ணத்தோடு ஒரு மூலையில் ஒதுங்கினேன். டேல் அருகில் வந்து என் தோளில் கை வைத்தார். "எங்களுக்காக வந்ததற்கு நன்றி, காளி" என்றார். அவருடைய ஓட்டை நான்தான் தின்றேன் என்று அவருக்குத் தெரியாது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் போனதும் யாழினி வந்தாள். ஏப்ரனைக் கூட அவிழ்க்கவில்லை. ஆங்கிலத்தில், அடிக்குரலில் கேட்டாள். "அப்பா, நீங்கள் ஆம் பக்கம் தூக்கினீர்கள். நான் பார்த்தேன். ஏன்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சம்மதம் கேட்கும்போது எல்லாரும் கை தூக்குகிற கதையைச் சொன்னேன். முதல் முறையாக அக்காவைப் பற்றியும் சொன்னேன், டோலியைப் பற்றியும். அந்த அத்தை ஏன் போனில் குழந்தைப் பேச்சை எடுப்பதே இல்லை என்று அவள் முன்பு ஒருமுறை கேட்டு நான் மழுப்பியிருந்தேன். தோளைக் குலுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்படியானால் உங்களால் முடியும். ஆம் பக்கத்து ஆள் நீங்கள்தானே."

"எல்லார் முன்னாலும் எழுந்து, நான் தெரியாமல் தூக்கிவிட்டேன் என்று எப்படிம்மா சொல்றது? இருக்கிற மானமும் போகும். இன்னும் நூறு வருசம் ஆனாலும் கை தூக்கத் தெரியாத இந்தியன்னு சொல்லுவாங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். தினமும் காலையில் பள்ளிக்கு எழுப்ப நான் அவள் அறை வாசலில் நின்று கத்துவதை, என் குரலிலேயே, அதே மலைத் தமிழில் சொன்னாள். "எழுந்திரு, எழுந்திரு, நேரமாவுது."

அவள் வாயிலிருந்து தமிழ் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

7

இடைவேளை முடிந்து கரோல் மேசையைத் தட்டியதும் எழுந்தேன். துண்டுத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோக மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

"தலைவர் அவர்களே, ஒன்பதாவது விஷயத்துக்கு மறுபரிசீலனைத் தீர்மானம் கொண்டுவருகிறேன்."

"எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள், மிஸ்டர் காளி?"

"ஆம் பக்கம்."

அரங்கில் ஒரு சலசலப்பு. டேல் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் சுலபத்தில் மறக்க முடியாது. நான் காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன். கரோல் கையைக் காட்டி நிறுத்தினார். "மனம் மாறியதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் வார்த்தை போதும். வழிமொழிபவர் உண்டா?"

யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. அட்டையை எண்ணிய ஹெலன் அம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிடவும் இல்லை. கரோலுக்கு என் சொல் போதுமாக இருந்தது. எத்தனையோ அலுவலகத்தில் சான்றிதழுக்கு மேல் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்கப்பட்ட எனக்கு அந்த ஒரு வரியில் மனம் இளகிவிட்டது.

வழிமொழிய எழுந்தவர் யார் தெரியுமா? ஸ்டீவ். அந்தத் தீர்மானத்தையே கொண்டுவந்தவர். "எனக்கு என் கருத்து மாறவில்லை, தலைவர் அவர்களே. ஆனால் போட்டவரே மாற்ற நினைக்கிற ஒரு வாக்கில் நான் ஜெயிக்க விரும்பவில்லை. வழிமொழிகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இப்படிப்பட்ட எதிராளி கிடைக்க ஒரு ஊர் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மறுபரிசீலனை நிறைவேறி விவாதம் திரும்பத் திறந்தது. இந்த முறை பேசினேன். என் ஆங்கிலத்தில் காலம் இடம் எல்லாம் தாறுமாறாக வந்திருக்கும். எங்கள் மலையில் அறுபது வீட்டுக்கும் ஒன்பது வீட்டுக்கும் நடந்ததைச் சொன்னேன். நான் கை தூக்கியதைச் சொன்னேன். அன்று தூக்கிய மூங்கில் என் தோளில் இருந்ததைச் சொன்னேன். "இன்று ரூத் இங்கே இல்லை. அன்று என் அக்காவும் கூட்டத்தில் இல்லை. அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது" என்று முடித்தேன். யாரும் கை தட்டவில்லை, அங்கே அது வழக்கமில்லை. ஸ்டீவே எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மேல்பாதியில் யாராவது சிகிச்சைக்குப் போய்வரும் காலம் வரை அந்தச் சாலையில்தான் முதலில் பனி தள்ள வேண்டும், மற்றச் சாலைகள் அதற்குப் பின். திருத்தம் எளிதில் நிறைவேறியது. திருத்திய தீர்மானமும் நிறைவேறியது. என் அட்டையை எப்போது தூக்க வேண்டும் என்று இந்த முறை பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

டேல் கிளம்பும்போது என் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். "கை தூக்கி ஒரு தரம், எழுந்து நின்று ஒரு தரம், இரண்டு தரம் என்னைப் பயமுறுத்திவிட்டாய்" என்றார்.

சாயங்காலம் மல்லிகா வந்ததும் காலணியைக் கூடக் கழற்றாமல் கேட்டாள். "நீங்க போன்ல சொன்னதை ரூத்கிட்ட சொன்னேங்க. என் கைய இறுக்கப் புடிச்சிக்கினு இருந்துச்சு. அது கெடக்கட்டும், நீங்க இன்னாத்துக்கு மொதல்ல கை தூக்கினீங்க? மலைக்காரப் புத்தி போவவே போவாதா?"

"போவாது" என்றேன்.

8

மறுநாள் காலைப் பேருந்து ஓட்டம் முடிந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே இருட்டுகிற நேரம். ஸ்பீக்கரில் வெள்ளையன் மாமா டீ உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. அக்கா போனை வாய்க்கு நேராகப் பிடித்துக் கத்துகிற பழக்கம் உள்ளவள்.

எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே நடந்தது, பிறகு அங்கே நடந்தது. கீழூர்த் தீர்மானத்துக்கு நான் கை தூக்கினேன் அக்கா, நான்தான் எழுதினேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.



"தெரியும்டா" என்றாள். "இந்த மனுசனும்தான் தூக்கினாரு, அதுவும் தெரியும். என்கிட்ட யாரு கேட்டாங்க? நீங்க ரெண்டு பேரும் இத்தினி வருசமா என் மூஞ்சப் பாக்காம குனிஞ்சிக்கினே கீறீங்க, அதான் எனக்குப் பெரிய கஷ்டம்."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"ஏன்டா, அந்த ஊர்ல சொன்ன மாதிரி இங்க மறுபடி கேக்க முடியாதா? கொல்லைமேட்டுக்கு இன்னிக்கும் வண்டி வரல. போன மாசம் கூட ஒரு பொண்ணைத் தூக்கிக்கினுதான் எறங்கினாங்க."

கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான் என்றேன். வருகிற மே தினத்துக் கிராம சபையில் கேட்கலாம். ஆனால் நான் கேட்க முடியாது, பட்டியலில் என் பெயர் அங்கே இல்லை. அன்றைக்குச் சம்மதம் சொன்ன ஒருவரே எழுந்து, அதை மாற்ற வேண்டும் என்றால் கீழூர்க்காரர்களும் காது கொடுப்பார்கள் என்றேன்.

"சம்மதம் சொன்னவரு இதோ குந்திக்கினு டீ குடிக்கிறாரு. பேசு" என்று போனை மாமாவிடம் கொடுத்தாள்.

"மாமா, கேட்டீங்களா?"

"கேட்டேன்பா." டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "நான் எழுந்து இன்னா சொல்லணும்?"

"அன்னிக்கு நான் சம்மதம் சொன்னவன், இன்னிக்கு எனக்கு மனசு மாறிடுச்சு, அந்தத் தீர்மானத்தை மறுபடி எடுக்கணும்னு சொல்லுங்க மாமா. அவ்ளோதான். காரணம் சொல்லத் தேவையில்ல."

"காரணம் சொல்லுவேன்" என்றார் மாமா. தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா ஒத்தை ஆளா எழுந்து நின்னா எவன் கேப்பான்? கூட எழுந்து நிக்க ஒரு ஆள் வேணுமில்ல? நம்ம பக்கத்துல யாரு வருவாங்க?"

போன் பிடுங்கப்பட்ட சத்தம். அக்காவின் குரல் காதைத் துளைத்தது.

"நான் வழிமொழியறேன்னு எழுதிக்கோடா. டோலியில படுத்துக்கினு போனவ நான். நின்னுக்கினே சொல்றேன்."